கிரிப் சுற்றி முடிவதற்குள்

புஷ்பபாய் அந்த உறையைக் கையில் வாங்கியதும் செல்லசாமி நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நெய்யாற்றின்கரையில் விளையாட்டுச் சாமான் கடை வைத்த நாளிலிருந்து, முழங்காலில் மாட்டும் எலாஸ்டிக் உறையைச் சேலை கட்டிய பெண்ணொருத்தி போட்டுப் பார்த்து வாங்கியதில்லை போலும். கூச்சமெல்லாம் அவருக்குத்தான். புஷ்பபாய் கேரம்போர்டு அடுக்குக்குப் பின்னால் போய், ஸ்டூலில் காலை வைத்து, சேலையைச் சற்று ஏற்றி, வலது முழங்காலில் அதை இழுத்து மாட்டினாள். ஜெம்மா அவளுக்கு மறைப்பாக முன்னால் நின்றாள். எதையாவது மறைத்துக்கொண்டு நிற்பதற்கு இன்றைக்குத் தன்னைவிடப் பொருத்தமான ஆள் இந்தத் தாலுகாவிலேயே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"நல்ல இறுக்கம் உண்டு மக்கா," என்றாள் புஷ்பபாய், காலை மடக்கி நீட்டியபடி. "வலிய அப்படியே பிடிச்சு வைக்குது. கொள்ளாம். இனி களத்துல நான் நொண்டினா கேளு."

"அது வேணுமாக்கா?" என்றாள் ஜெம்மா.

"பின்னே? ஒனக்காகத்தான் வாங்குகேன். எனக்க முட்டுனால நீ இன்னொரு வருஷம் தோக்காண்டாம்."

ஜெம்மா சரிந்திருந்த ஒரு கேரம்போர்டை நிமிர்த்தி வைத்தாள்.

இருவரும் பாறசாலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர்கள். வேலை முடிந்ததும் கட்டிடத்துக்குப் பின்னால் வலை கட்டி ஷட்டில் ஆடுவார்கள். இலாகா நடத்தும் பெண்கள் இரட்டையர் போட்டிக்கு இரண்டு வருஷமாக ஜோடி சேர்ந்து திருவனந்தபுரம் போய், இரண்டு வருஷமும் முதல் சுற்றிலேயே மூட்டையைக் கட்டினார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் புஷ்பபாய் நேந்திரங்காய் வறுவலைப் பிரித்து வைத்துக்கொண்டு சிரிப்பாள். தோற்றுவிட்டுச் சிரிக்க ஒரு மனசு வேண்டும். ஜெம்மாவுக்கு அது கிடையாது. கூடச் சேர்ந்து சிரிப்பாள், வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

போன வெள்ளிக்கிழமை, காட்டாக்கடையிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த பிரேமகுமாரி டீ குடிக்கும்போது கேட்டாள், "இந்தத் தவண நம்ம ரெண்டு பேருமா எறங்குவமா? புஷ்பக்காக்க முட்டு தாங்காதுன்னுல்லா எல்லாரும் சொல்லுகினும்?" பிரேமகுமாரி ஓங்கி அடித்தால் ஷட்டில் தரையில் குத்தி நிற்கும். ஜெம்மா "சரி" என்றுவிட்டாள். ஒரு போன் மணி அடித்து எடுக்கிற நேரம்கூட யோசிக்கவில்லை. "நீயே சொல்லிரு, ஒனக்க கூட்டுக்காரியாக்கும்," என்று பிரேமகுமாரி கை கழுவிவிட்டாள்.

இன்றைக்குப் பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிடுவதாகத்தான் இருந்தாள். அமரவிளை தாண்டியதும் சொல்லலாம் என்று நினைத்தபோது, புஷ்பபாய் சுரிதாரைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். சேலையோடு ஓடி ஓடிப் பந்தை விட்டது போதும் என்று, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு சுரிதார் தைக்கக் கொடுத்திருக்கிறாளாம். புருஷன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாராம், பிறகு நிறத்தை அவரே சொன்னாராம். இதற்குப் பிறகு எந்த நாக்கால் சொல்வது? ஜெம்மா இடித்த புளி மாதிரி உட்கார்ந்தே வந்து சேர்ந்தாள்.

செல்லசாமி இந்தப் பக்கம் திரும்பி, கலர் கலராக மணிக்கட்டுப் பட்டைகளைப் பரப்பினார். புஷ்பபாய் மினுக்கில் மயங்குகிற ஆள் இல்லை. மேசைமேல் இருந்த தம்ளரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரைக் கையில் விட்டு, ஒவ்வொரு பட்டையாலும் துடைத்துப் பார்த்தாள். "இது வேர்வ குடிக்காது, வெறும் பவுசு," என்று மூன்றை ஒதுக்கினாள். காலுறையை உள்பக்கம் திருப்பித் தையலைத் தடவினாள். எல்லாவற்றிலும் இரண்டிரண்டு எடுத்து வைத்தாள். அந்த இரண்டாவது ஒவ்வொன்றும் ஜெம்மாவுக்கு.

பிறகு புஷ்பபாய் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த ஒரு கறுப்பு எலாஸ்டிக் பட்டையைக் கேட்டு வாங்கினாள். மூக்குக்கண்ணாடி விழாமல் தலைக்குப் பின்னால் இழுத்துப் பிடிக்கிற பட்டை. ஜெம்மாவைத் திருப்பி நிறுத்தி, பின்னலை ஒதுக்கி, அவள் மூக்குக்கண்ணாடியின் இரண்டு காம்புகளிலும் அதை மாட்டிவிட்டாள்.

"இதுதான் எல்லாத்துலயும் முக்கியம்," என்றாள், செல்லசாமிக்குக் கேட்காத குரலில். "போன வருஷம் கடைசிப் பந்துக்கு நீ சாடுனப்ப கண்ணாடி தெறிச்சுல்லா போச்சு."

ஆமாம், தெறித்துத்தான் போனது. முழங்காலுக்கும் அந்தத் தோல்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஜெம்மா கண் தெரியாமல் காற்றில் வீசினாள், ஷட்டில் காலடியில் விழுந்தது. மறுநாள் ஆபீசில் எல்லோரும் சூழ்ந்துகொண்டு கேட்டபோது புஷ்பபாய்தான் முந்திக்கொண்டு, "எனக்க முட்டு சதிச்சுப் போட்டு," என்றாள். ஜெம்மா வாயைத் திறக்கவில்லை. அந்தப் பேச்சுத்தான் சுற்றிச் சுற்றிப் பிரேமகுமாரி வரை போய், வெள்ளிக்கிழமை டீயோடு திரும்பி வந்தது. அப்போதும் அவள் உண்மையைச் சொல்லவில்லை. ச்சீ, நானும் ஒரு மனுஷியா என்று இருந்தது.

"இனி கிரிப்பு," என்று புஷ்பபாய் தன் பழைய பேட்டை நீட்டினாள். அவளுக்குக் கை வேர்க்கும். பேட்டின் பிடியில் சுற்றுகிற, துண்டுத் துணி போன்ற மஞ்சள் கிரிப்பைத் தேர்ந்தெடுத்தாள். செல்லசாமி பழையதை உரித்துப் போட்டு, "சுத்தினா பின்னே திருப்பி எடுக்கமாட்டேன், கேட்டியளா," என்று சொல்லிவிட்டு அடியிலிருந்து சுற்ற ஆரம்பித்தார். மஞ்சள் ஒவ்வொரு சுற்றாக மேலே ஏறியது. ஜெம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடி பாதி மூடியாயிற்று.

"அக்கா, சுத்தாண்டாம்னு சொல்லுங்க."

"ஏன் மக்கா, நெறம் கொள்ளாதா?"

"நான் பிரேமகுமாரிக்க கூட எறங்குகேன்னு சொல்லிப்போட்டேன்."

செல்லசாமியின் கை நின்றது. புஷ்பபாய் சிரித்த முகத்தை உடனே மாற்றத் தெரியாமல் அப்படியே நின்றாள்.

"எப்ப?"

"வெள்ளியாச்ச."

"அப்போ இன்னைக்கு பஸ்ஸுல நான் சுரிதாரு கதை சொல்லும்ப..."

"ஆமாக்கா."

"எதுக்காக்கும்?"

"ஒங்களுக்கு முட்டு தாங்காதுன்னு அவ..."

புஷ்பபாயின் பார்வை ஜெம்மாவின் கண்ணாடியில் வந்து நின்றது. கேட்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல ஒரு வார்த்தை கேட்கட்டும் என்று ஜெம்மா காத்திருந்தாள். கேட்டுவிட்டால் அழுது தொலைத்துவிடலாம்.

"தாங்காதுதான்," என்றாள் புஷ்பபாய். செல்லசாமியிடம் திரும்பினாள். "நீங்க சுத்துங்க அண்ணே. பாதியில விட்டா அவிஞ்சு போவும்."

பாறசாலை பஸ்ஸில் கூட்டமில்லை. புஷ்பபாய் முன்னால் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டாள். ஜெம்மா நின்று பார்த்துவிட்டுப் பின்னால் ஒரு இடத்தில் போய் உட்கார்ந்தாள். பையிலிருந்து மஞ்சள் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்த முழங்கால் உறையைப் புஷ்பபாய் சேலைக்கு மேலாகத் தடவிக்கொண்டிருந்தாள். ஒருமுறையும் திரும்பவில்லை. அமரவிளை வளைவில் வண்டி பெரிய குழியில் இறங்கி ஏற, எல்லோரும் இருக்கையை விட்டுத் துள்ளி விழுந்தார்கள். ஜெம்மா பழக்கத்தில் கையை மூக்குக்குக் கொண்டுபோனாள். தலைக்குப் பின்னால் பட்டை இழுத்துப் பிடித்திருக்க, கண்ணாடி இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.