அச்சில் வராத விளக்கு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் வீட்டுச் சமையலறையைப் பின்பக்கமாகக் கொஞ்சம் நீட்டிக் கட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிளான் வரைய, மாத்தளைச் சந்தைக்கு எதிரே மாடியில் இருக்கிற ஒரு சின்ன அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெண். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, கணினியில் நகக்கண் அளவு வட்டம் ஒன்றைப் போடுகிறாள், அழிக்கிறாள், மறுபடி போடுகிறாள். என் சமையலறை காத்துக் கிடக்கிறது. எனக்குப் பொறுமை கிடையாது. என் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"என்ன மகள், ஒரு வட்டத்துக்கு இவ்வளவு நேரமா?"

"வட்டம் இல்ல சேர், சிம்பல். பிளான்ல லைட்டு, சுவிட்ச் எல்லாத்துக்கும் ஒவ்வொரு சிம்பல் இருக்கே, அந்த மாதிரி. எனக்கு வேண்டியது இதுல இல்ல. அதான் நானே செய்றேன்."

நடந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் கட்டியது. அவள் பெயரையும் றிஸ்லா என்று மாற்றிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "ரிவர்ஸ்டன் மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில், றிஸ்லா தன்…"

வேண்டாம். அவள் ஜன்னலில் தெரிவது பஸ்ஸும் மரக்கறி லொறியும்தான். அந்தப் பனிக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "மின்சாரக் குறியீடுகள் உலகம் முழுவதும் ஒன்றல்ல என்பதை நாம் முதலில்…"

அட, எனக்கே கொட்டாவி வருகிறது.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: ஸஜீதா மாமி மாடிப்படி ஏறி வருகிறார்.

3

ஒரு காய்ச்சலில் ஸஜீதா மாமிக்கு இரண்டு காதும் போயின. வாய் போகவில்லை. அவர் பேசினால் கீழே சந்தையில் பூசணிக்காய் விற்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார். கணவர் மவுத்தான பிறகு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். இப்போது யட்டவத்தப் பக்கம் இருந்த துண்டுக் காணியில் தனக்கென்று ஒரு வீடு கட்டப் போகிறார்.

"மகள், எனக்கு வாசல்ல பெல்லு வேணாம். அடிச்சு யாருக்குக் கேக்கப் போகுது? வெளிச்சம் வேணும். வாசல்ல பட்டனை அமத்தினா வீடு முழுக்க மின்னணும். ஹோல்ல, குசினியில, படுக்கிற அறையில, பாத்ரூம்ல, பின்னால கோழிக்கூட்டுப் பக்கமும். நான் எங்க நின்னாலும் ஆள் வந்திருக்குன்னு தெரியணும்."

றிஸ்லா அவர் முகத்துக்கு நேரே திரும்பி, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னாள்: "செய்வோம் மாமி."

"செய்வோம் இல்ல. செய்யணும். இது சரிவராட்டி அம்ஹர் என்னைக் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போயிடுவான். அஞ்சாம் மாடி. கோழியும் இல்ல, வாயாட ஒரு மனுசரும் இல்ல. உசிரோட கபுறுக்குழிக்குள்ள இருக்கிற மாதிரி."

அம்ஹர் அவருடைய ஒரே மகன். வீட்டைக் கட்டட்டும், வாசலுக்கு ஆள் வந்தால் உம்மாவுக்குத் தெரியும் என்பதைக் கண்ணால் பார்த்தால் சம்மதம், இல்லையென்றால் கொழும்புதான் என்று சொல்லியிருந்தான்.

4

றிஸ்லாவின் மென்பொருளில் எல்லாவற்றுக்கும் சிம்பல் இருந்தது. விளக்குக்கு, வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி. மணிக்கு ஓர் அரைவட்டம். ஆனால் மணியின் வேலையைப் பார்க்கிற விளக்கு? அது யாருக்கும் தோன்றவில்லை. சிம்பல் செய்தவர்கள் எல்லாருக்கும் காது கேட்டிருக்கும்போல.

அவளே செய்தாள். விளக்கின் வட்டம், அதன் நடுவே மணி. நடுவைப் பிடிக்க, வட்டத்தை முதலில் துணைக்கோடு போடுகிற லேயரில் வரைந்தாள். வரைபடம் என்பது கண்ணாடித்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது மாதிரி. அந்த ஒவ்வொரு தாளும் ஒரு லேயர். துணைக்கோட்டு லேயரில் இருப்பது திரையில் தெரியும், அச்சில் வராது. வேலை முடிந்ததும் வட்டத்தை அங்கிருந்து எடுத்து விளக்குகளின் லேயருக்கு மாற்ற வேண்டும். மாற்றத்தான் இருந்தாள். பள்ளிவாசலில் நண்பகல் லுஹர் பாங்கு சொன்னார்கள். எழுந்து தொழுதுவிட்டு வந்து பார்த்தாள். சிம்பல் திரையில் அவ்வளவு அழகாக இருந்தது. அப்படியே சேமித்து, ஐந்து இடத்தில் வைத்தாள்.

பிளானின் மூலையில், எந்தச் சிம்பல் எதைக் குறிக்கும் என்று ஓர் அட்டவணை இருக்கும். அதில் தன் சிம்பலை அவள் சேர்க்கவில்லை. பார்த்தவுடனே விளங்காத சிம்பல் என்ன சிம்பல் என்று ஒரு பெருமை.*

* இந்தப் பெருமை எனக்கும் உண்டு. கதையை விளக்கினால் கதை செத்துப்போகும் என்று மேடையேறிப் பேசியிருக்கிறேன். அதை அடிக்குறிப்புப் போட்டு விளக்கிக்கொண்டிருக்கிறேன், பாருங்கள்.

5

எனக்குச் சங்கடம் கொடுத்தது அம்ஹர்.

முதல் வரைவில் அவனைக் கெட்ட மகனாக எழுதினேன். கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே உம்மாவிடம் பேசுகிறவன். [காணியை விற்றுத் தன் பெயரில் ஒரு…] அடித்தேன். கெட்ட மகனை எழுதுவது லேசு. வாசகருக்கும் லேசு. எல்லாரும் சேர்ந்து அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாகச் சோறு சாப்பிடப் போகலாம்.

பிறகு அவனுக்கு ஒரு மழைநாளைக் கொடுத்துப் பார்த்தேன்.

வாடகை வீட்டுக் காலம். கொழும்பிலிருந்து வந்து கதவைத் தட்டுகிறான். கூப்பிடுகிறான். சத்தமே இல்லை. போன் அடித்தால், உள்ளே கட்டிலில் அது அதிர்கிற ஓசைதான் ஜன்னல் வழியாகக் கேட்கிறது. உம்மா மவுத்தாகிவிட்டார் என்றே முடிவுக்கு வந்துவிட்டான். கீழே கிடந்த கல்லை எடுத்து ஜன்னல் கண்ணாடியை உடைத்து, கையைக் கிழித்துக்கொண்டு உள்ளே குதித்தான். உம்மா பின்தாழ்வாரத்தில் கொச்சிக்காய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும், "அடப் பாவி, வாடகை வீட்டுக் கண்ணாடியாடா உடைச்ச?" என்று ஏசினார். அவன் ஈரத்தோடு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதான்.

இதை எழுதிய பிறகு அவனைக் கெட்டவன் என்று சொல்ல என் கை வரவில்லை. பயந்தவன், அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் றிஸ்லா கொடுத்துவைத்தவள். அவள் ஒரு சிம்பலைத் திருத்தினால் அது வைத்த ஐந்து இடத்திலும் தானாகத் திருந்திவிடும். நான் ஒரு மனிதனைத் திருத்தினால் பக்கம் பக்கமாகத் தேடிப் போக வேண்டும். எங்காவது அந்தக் கார்ச் சாவி இன்னும் சுழன்றுகொண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

6

வீடு முடிந்தது. பூச்சும் பூசியாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அம்ஹர் பார்க்க வந்தான். றிஸ்லாவும் வந்திருந்தாள், தன் சிம்பல் வேலை செய்வதைப் பார்க்க. வயரிங் வேலை செய்த பிரதீபன் பாஸ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஸஜீதா மாமி வேண்டுமென்றே வாசலுக்கு முதுகைக் காட்டி, குசினியில் தேங்காய் துருவ உட்கார்ந்தார்.

அம்ஹர் பட்டனை அமத்தினான்.

யா அல்லாஹ்! ஐந்து மணிகள் ஒன்றாக அலறின. கோழிகள் கூட்டுக்குள் அடித்துக்கொண்டன. பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் வெளியே வந்து நின்றது. நெருப்புப் பிடித்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். ஸஜீதா மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

றிஸ்லா பிரதீபனிடம் ஓடினாள். "பாஸ், லைட்டெல்லாம் எங்க?"

"எந்த லைட் மிஸ்? பிளான்ல பெல்தானே இருக்கு?" பிரதீபன் தாளை விரித்துக் காட்டினார். ஐந்து அரைவட்டங்கள். சுற்றி வட்டம் இல்லை. "நானும் யோசிச்சேன், சின்ன வீட்டுக்கு எதுக்கு அஞ்சு பெல்லுன்னு. அப்புறம் அம்மாவுக்குக் காது கேக்காதுன்னு சொன்னாங்க. சரி, ஒண்ணு பத்தாதுன்னுதான் அஞ்சு போட்டிருக்காங்கன்னு நினைச்சேன்."

வெளியே நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அம்ஹர் சிரிக்கவில்லை. உள்ளே போய் உம்மாவின் தோளைத் தொட்டான். அவர் திடுக்கிட்டுத் தேங்காய்ப் பாதியைக் கீழே போட்டார்.

"வெளிச்சம் வந்துச்சா?" என்று கேட்டார். "நான் பார்க்கல்லையே. வந்துச்சா?"

"மாசக் கடைசியில வாறேன் உம்மா. சாமான்களைக் கட்டி வைங்க," என்றான். அவர் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

7

அலுவலகத்துக்குப் போய் றிஸ்லா கோப்பைத் திறந்தாள். திரையில் விளக்கு இருந்தது, ஐந்தும் இருந்தன. அச்சில் எப்படி வரும் என்று காட்டுகிற பக்கத்தைத் திறந்தாள். வட்டங்கள் போய்விட்டன. துணைக்கோட்டு லேயர்! தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். தாளில் இல்லாததை இருப்பதாக நினைத்து, ஒரு மனுசியின் வீட்டையே பறித்துவிட்டோமே என்று அழுதாள்.

நானும் இங்கே கொஞ்சநாள் எழுதாமல் நிறுத்தினேன். அவள் தவறு என்னைச் சுட்டது. ஸஜீதா மாமி எனக்குத் துல்லியமாகத் தெரிகிறார்: முந்தானையைச் செருகுகிற விதம், சிரிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வது. நான் பார்க்கிறேன் என்பதற்காக அது உங்களுக்கு வந்திருக்கும் என்று என்ன நிச்சயம்? எழுதுகிறவனுக்கும் ஒரு துணைக்கோட்டு லேயர் இருக்கிறது. அதிலிருந்து தாளுக்கு மாற்றியதைத் தவிர வேறெதுவும் உங்களிடம் வந்து சேராது. [ஆகவே கலை என்பது…] போதும்.

றிஸ்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு வட்டத்தைச் சரியான லேயருக்கு மாற்றினாள். பெருமையை மூட்டைகட்டிவிட்டு அட்டவணையிலும் எழுதினாள்: மணி அல்ல, விளக்கு. சத்தம் வராது. புதிய தாளோடு பிரதீபனைப் பிடித்தாள்.

"பாஸ், சுவரை உடைக்கத் தேவையில்ல. அதே வயர்தான். நுனியில இருக்கிற பெல்லைக் கழற்றிட்டு லைட்டைப் போட்டா சரி."

"சரி மிஸ், அதுக்கென்ன. ஆனா வெளியில ஒரு பெல்லை விட்டு வைப்போம். இல்லாட்டி வாற ஆளுக்கு ஒண்ணுமே கேக்காது. பட்டன் பழுதுன்னு நினைச்சிட்டுப் போயிடுவாங்க."

நியாயமான பேச்சு. றிஸ்லா அதை ஸஜீதா மாமியிடம் உதட்டால் சொன்னாள். மாமி கட்டிவைத்திருந்த மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"வேணாம் மகள்," என்றார். வழக்கமில்லாமல் மெதுவாகச் சொன்னார். "இவ்வளவு காலமா நான் ஒண்ணும் கேக்காமத்தான் நிக்கிறேன். என்னைப் பார்க்க வாறவங்களும் ரெண்டு நிமிஷம் ஒண்ணும் கேக்காம நிக்கட்டும்."

8

முடிவுகள்.

(அ) அக்கம்பக்கத்தார் கூடி, "நாங்க பார்த்துக்கொள்றோம்" என்று அம்ஹரிடம் சொல்கிறார்கள். எழுதிவிட்டு அடித்தேன். ஸஜீதா மாமி கேட்டது காவல் இல்லை, விளக்கு.

(ஆ) அம்ஹர் மனம் மாறி, "அங்கேயே இருங்க உம்மா" என்று செய்தி அனுப்புகிறான். எதைக் கண்டு மாறினான்? என் வசதிக்காக மாறினான். இதையும் அடித்தேன்.

(இ) மாதக் கடைசி. அம்ஹர் வந்து வாசலில் நிற்கிறான். தெருவோரம் ஒரு வேன், சாமான் ஏற்ற. கையில் கார்ச் சாவி, சுழற்றவில்லை. பட்டனை அமத்துகிறான்.

ஒரு சத்தமும் இல்லை.

உள்ளே ஐந்து விளக்கும் மின்னுகின்றன. இதற்கு நான் பொறுப்பு. சரியான லேயரில்தான் இருக்கிறது, இரண்டு தரம் பார்த்துவிட்டேன். கோழிக்கூட்டுப் பக்கம் நின்ற ஸஜீதா மாமி நிமிர்ந்து பார்க்கிறார். பார்த்துவிட்டார்! கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார். கையெல்லாம் தவிடு. கழுவ வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும், குசினி வழியாகச் சுற்றி வர வேண்டும். ஆள் வந்திருப்பது தெரிந்த வீட்டுக்காரி எதற்கு ஓட வேண்டும்? அவசரமில்லாமல், ஆறுதலாக வருகிறார்.

வாசலில் அம்ஹருக்கு எதுவும் கேட்கவில்லை. அந்த மழைநாளில் கேட்காத அதே சத்தம்தான். புது ஜன்னல் கண்ணாடியைப் பார்க்கிறான். படிக்குப் பக்கத்தில், கட்டட வேலையில் மிஞ்சிய கல் ஒன்று கிடக்கிறது.

றிஸ்லா இங்கே இல்லை. பிரதீபனும் இல்லை. நானும் போகிறேன், என் சமையலறைக்கு இன்னும் கூரை போடவில்லை. இனி வாசலில் அவனும் நீங்களும்தான். அவர் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அவனிடம் சொல்ல வழியில்லை.

அவனோடு கொஞ்சம் நில்லுங்கள்.