டிக்கெட்டுக்கு ஆசீர்வாதம்

செங்கம் ரோட்டில் அருணகிரியின் டிராவல்ஸ் கடைக்கு மேல்மாடியில் சில வாரங்களாக ஒரு மௌன சாமியார் குடியிருந்தார். தாடி, காவி வேட்டி, இடது புருவத்தில் ஒரு தழும்பு, கழுத்தில் ‘மௌனம்’ என்று எழுதிய அட்டை. ரமணாசிரமத்துப் பக்கம் அந்த அட்டையைப் பார்த்துவிட்டால் யாரும் பெயரைக்கூடக் கேட்க மாட்டார்கள். கேட்பது பாவம். கேட்க வந்த இரண்டொருவரையும் அருணகிரியே விரட்டியிருந்தான்.

அன்று காலை கீழ்பென்னாத்தூரிலிருந்து வேடியப்பனும் அவர் மனைவி தங்கம்மாளும் வந்தார்கள். ஐதராபாத்துக்குக் கட்டட வேலைக்குப் போன மகன் இளவரசன் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். மறுநாள் விடிந்ததும் தலையில் ஆபரேஷன். அதற்குள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். ரயிலில் போனால் நேரம் போதாது.

அருணகிரி நீலாம்பரி ஏரில் டிக்கெட் போட்டான். ஐம்பது சீட்டு உள்ள சின்ன ஜெட், மற்ற கம்பெனிகளின் கட்டணத்தில் பாதிகூட இல்லை. கொஞ்ச நாளாகவே அவர்கள் திடீர் திடீரென்று விமானத்தை ரத்து செய்வதும், ஏஜெண்டுகளுக்குக் கமிஷன் தராமல் இழுத்தடிப்பதும் அவனுக்குத் தெரியும். ஆனாலும் மல்லாட்டைக் கடலை பயிர் பண்ணிப் பிழைக்கிற குடும்பத்துக்குக் கைக்கு எட்டியது அது ஒன்றுதான்.

“சாயங்காலம் ஏறினா ராத்திரியே புள்ளைகிட்ட இருப்பீங்க” என்றான்.

டிக்கெட்டை மேலே சாமியிடம் வைத்துக் கும்பிட வேண்டும் என்றாள் தங்கம்மாள். புது வண்டிச் சாவியிலிருந்து பரீட்சை ஹால் டிக்கெட் வரை அவர் காலடியில் வைத்து வாங்குவது அந்தத் தெருவில் வழக்கமாகிவிட்டிருந்தது. அருணகிரியே அழைத்துப் போய் மகன் கதையையும் சொன்னான். சாமி டிக்கெட்டை எடுத்துப் படித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதன்மேல் விபூதி தூவிக் கொடுத்தார். தங்கம்மாள் அழுதபடி காலில் விழுந்தாள். இருவரும் வேனில் சென்னைக்குப் புறப்பட்டார்கள்.

மத்தியானம் எதிர் மெஸ்ஸில் உட்கார்ந்த அருணகிரிக்கு, டிவி செய்தியைக் கேட்டதும் பிசைந்த சோறு வாய்க்குப் போகவில்லை. நீலாம்பரி ஏர் நேற்றிரவோடு நின்றுவிட்டதாம்; கம்ப்யூட்டரில் டிக்கெட் விற்பனையை மட்டும் யாரும் நிறுத்தவில்லையாம். எண்ணெய்க் கம்பெனி கடனுக்கு எரிபொருள் தர மறுத்துவிட்டது, வாடகைக்கு விட்டவர்கள் விமானங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், முதலாளியை ஒரு மாதமாகக் காணோம். கோட்டு போட்ட அந்த முதலாளியின் படத்தைக் காட்டினார்கள். தாடி இல்லை. ஆனால் இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு இருந்தது. வாரக்கணக்கில் தினமும் அவன் விழுந்து கும்பிட்ட முகம்.

கடைக்கு ஓடி மற்ற கம்பெனிகளுக்கெல்லாம் போன் போட்டான். செய்தி பரவிய வேகத்தில் ஒரு சீட்டு பாக்கியில்லாமல் தீர்ந்துவிட்டிருந்தது. மாடிப்படி ஏறினான்.

“டிக்கெட்டைப் படிச்சீங்களே. கம்பெனி நின்னுபோனது தெரியுமா தெரியாதா?”

அந்த ஆள் அட்டையைத் தடவினான். பிறகு முதல்முறையாக வாயைத் திறந்தான். மெட்ராஸ் ஆபீஸ்களில் கேட்கிற சாதாரணக் குரல்.

“நேத்தே தெரியும், போன்ல மெசேஜ் வந்துச்சு. கட்டணத்தைக் கம்மி பண்ணா கூட்டம் வரும்னு நெனச்சேன். வந்துச்சு. அம்பது சீட்டுல எத்தனை பேரை ஏத்தறது? ஏத்த ஏத்த நஷ்டம்தான் ஜாஸ்தியாச்சு.”

“அதைக் கேக்கல. காலையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கைக்காசைப் போட்டாவது வேற ஃபிளைட்ல ஏத்தி விட்டிருப்பேனே.”

“பேசினா நான் யாருன்னு தெரிஞ்சிருக்கும்.”

“பேச வேணாம். போகாதேன்னு தலையை ஆட்டியிருக்கலாமேடா.”

அவன் அட்டையை நெஞ்சின் மேல் நேராக்கிக்கொண்டான். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று திகைத்துப்போய் நின்ற அருணகிரிக்கு அடிக்கக்கூடக் கை எழவில்லை.

அப்போது அவன் செல்போன் அடித்தது. யாரிடமோ போனை வாங்கி வேடியப்பன் பேசினார்.

“தம்பி, ஏரோப்ளேன் இல்லன்னுட்டாங்க. ராத்திரி பொறப்படுற பஸ்லதான் எடம் கெடச்சுது. நாளைக்கு மத்தியானம்தான் போய்ச் சேருமாம்.” அவர் குரலில் கோபமே இல்லை. “ஒரு ஒத்தாசை பண்ணுங்க. போனை சாமி காதுல வெச்சிடுங்க. அவரு பேச வேணாம், இவ சொல்றத கேட்டா போதும். அவரு கேட்டா புள்ள பொழச்சிக்குவான்னு நம்புறா.”

அருணகிரி போனை அந்தக் காதில் வைத்து அழுத்தினான். தங்கம்மாள் அழுவது அறை முழுக்கக் கேட்டது. அந்த ஆள் முகத்தைத் திருப்பப் பார்த்தான். அருணகிரி இன்னொரு கையால் அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். அவள் பேசி முடிக்கும்வரை விடவில்லை.