தெருக்கதவில் தொங்கிய பூட்டு

எங்கள் வீட்டில் குடிகாரர் யாரும் இருந்ததில்லை. வருடக்கணக்காக நான் வெளியில் சொல்லிவந்தது இதுதான். தம்பியின் கை நடுங்கியது நரம்புக் கோளாறால் என்றே சம்பந்தி வீட்டாரும் நம்பினார்கள்.

நாங்கள் பரம்பரையாகப் பூட்டு செய்கிறவர்கள். பட்டறையை ஏற்றுக்கொண்ட என் மகள், சாவித் துளையைச் சுற்றிப் புனல் போல ஒரு வாய் வைத்தாள். கை நடுங்குகிறவர்கள் சாவியை அந்தப் புனலில் எங்கே வைத்தாலும் அது வழுக்கித் துளைக்குள் போய்விடும். நன்றாக விற்றது. மற்றச் சின்னப் பட்டறைகளும் செய்யத் தொடங்கின. அப்போதுதான் ஒரு பெரிய கம்பெனி எல்லோருக்கும் நோட்டீஸ் அனுப்பியது: புனல் வாய்க்கான காப்புரிமை எங்களுடையது, நிறுத்துங்கள்.

"அவங்க விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடியே நாலு பேர் பாக்குற இடத்துல இது இருந்துச்சுன்னு காட்டினா, காப்புரிமை நிக்காது" என்றார் நாங்கள் யோசனை கேட்கப் போன வக்கீலம்மா.

"இருந்துச்சே!" என்றான் தம்பி. "நம்ம தெருக்கதவுல, பல வருஷம் முன்னாடியே. தள்ளாடிக்கிட்டு வந்தா துளையே தெரியாது, அதான் செஞ்சேன். தெருவே 'குடிகாரன் பூட்டு'ன்னு சிரிச்சுதே!"

"வாயை மூடுடா."

"ஊருக்கே தெரிஞ்ச கதைண்ணே. அதை மூடி வச்சிருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

குடும்பத்துக்கு மூத்தவர் சாட்சி சொன்னால் எடுபடும் என்றார் வக்கீலம்மா.

"நீங்க சொல்லலைன்னா பட்டறைய மூடணும்பா" என்றாள் மகள்.

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு விசாரணைக்குப் போனேன். அந்தப் பட்டப்பெயர் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

கம்பெனி வக்கீல் ஏளனமாகக் கேட்டார்: "நிக்கவே முடியாத ஆளா இவ்வளவு நுணுக்கமா செஞ்சாரு?"

"குடிச்சாலும் பூட்டு செய்யத் தெரியாதவன் எங்க வீட்டுல பொறக்கல" என்றேன். பின்வரிசையில் தம்பி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

காப்புரிமை ரத்தானது. புனல் வாயை இனி எவரும் செய்யலாம். ஆனால் பூட்டு சரியாக விழுந்ததா என்று விரலுக்கு உணர்த்தும் ஒரு சுருள்வில்லை மகள் செய்து வைத்திருந்தாள். அது இன்னும் கடைக்குப் போகவில்லை.

"இது நிஜமாவே புதுசு. வெளிய காட்டுறதுக்கு முன்னாடி விண்ணப்பம் போட்டுடுங்க" என்றார் வக்கீலம்மா.

மகள் தயங்கினாள். "நாமளும் அவங்கள மாதிரி வேலி போடுறதாப்பா?"

"தெருவுல கெடந்ததையா எடுத்துக்கறே? உன் மூளையில வந்தது, உன் பேர்ல இருக்கட்டும். சின்னப் பட்டறைக்காரங்க கேட்டா கொறஞ்ச கட்டணத்துல அனுமதி குடு."

மறுநாள் பக்கத்துப் பட்டறைக்காரர் புதுப் பூட்டைப் பார்க்க வந்தார். விண்ணப்பம் போட்ட பிறகு வாருங்கள் என்று மரியாதையாக வாசலிலேயே நிறுத்தி, காபி மட்டும் கொடுத்தனுப்பினேன்.