ஏரிக்குள் கரும்பு

பழுதே இல்லாத கருவியில் பழுதைக் கண்டுபிடித்து எழுதித் தரும்படி எனக்கு உத்தரவு வந்தது. நான்கு வருடம் பிள்ளை மாதிரி வளர்த்த கேமரா. செயற்கைக்கோளில் ஏறிப் பூமியைப் பார்க்க வேண்டியது, பெங்களூரில் எங்கள் ஆய்வுக்கூடத்து அலமாரியில் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியும். திட்டத்தான் இதை எழுதுகிறேன்.

செயற்கைக்கோளில் இருந்தது ஒரே ஓர் இடம். அதற்கு இரண்டு கருவிகள் போட்டி போட்டன. எங்கள் கேமராவுக்கு மேலாளர் அர்ஜுனன். ஆளுக்கும் பணத்துக்கும் டில்லி வரை போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்தவர், அதையும் சொல்லத்தான் வேண்டும். கேமராவின் ஃபில்டர் என் பொறுப்பு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மட்டும் அது உள்ளே விடும். அந்த ஒளியில் தண்ணீர் கறுப்பாகவும் பயிர் வெளுப்பாகவும் விழும். எந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று வானத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

முதலில் விமானத்தில் வைத்து ஒரு சோதனை. எந்த ஏரி என்றதும் அர்ஜுனன் யோசிக்கவே இல்லை, "எங்க தாமல் ஏரி" என்றார். நான் சின்ன காஞ்சிபுரத்துக்காரி, எனக்கும் சந்தோஷம்தான். விமானம் பறக்கும் காலையில் தண்ணீர் முடிகிற இடமெல்லாம் வெள்ளைத் துணிக் கொடி நட வேண்டும். படத்தில் கறுப்பு அந்தக் கொடிவரை வந்தால் கேமரா தேறியது. அந்த வேலையைத் தன் அண்ணன் கோதண்டபாணியிடம் ஒப்படைத்தார். தாமலில் கட்சிக்காரர், சொன்னால் ஆட்கள் வந்து நிற்பார்கள்.

படம் வந்தது. கறுப்பு கொடிகளைத் தொடவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் அகலமாக ஒரு வெளுத்த பட்டை ஓடியது.

"கொடியைத் தப்பா நட்டிருக்காங்க!" என்று முதலில் கத்தியவர் அர்ஜுனன்தான். அன்றே ஊருக்குப் பஸ் ஏறினார். திரும்பி வந்தவர் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நானும் பரிதாபப்பட்டேன்.

தேர்வுக் குழுவின் முன்னால் நான்தான் எழுந்தேன். "அந்தப் பட்டை தண்ணீர் இல்லை சார், பயிர். இந்த வெளுப்பைப் பார்த்தால் கரும்பு." இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவர் அர்ஜுனனைப் பார்த்தார். "உங்க ஊராச்சே, நீங்க சொல்லுங்க."

"ஏரிக்குள்ள யார் சார் கரும்பு போடுவாங்க? இவங்க யூகம்" என்றார் அர்ஜுனன்.

அத்தோடு எங்கள் கேமரா போயிற்று.

லீவு போட்டு ஊருக்குப் போனேன். காஞ்சிபுரத்தில் பஸ் ஏறித் தாமலில் இறங்கி ஏரிக்கு நடந்தேன். கரும்பு என் உயரத்துக்கு இரண்டு மடங்கு நின்றது. அதன் நடுவே வரப்பில் வந்துகொண்டிருந்தார் கோதண்டபாணி. தம்பி ஆபீஸ் என்றதும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"வாம்மா! ஏம்மா வெயில்ல நின்னுக்கினு இருக்கே?"

கொடியைப் பற்றிக் கேட்டேன். மனிதர் எதையும் மறைக்கவில்லை.

"ஏரோப்ளேன்ல வந்து நெலத்த அளக்கறாங்கன்னு ஊரே சொல்லுச்சி. உச்சவரம்பு சட்டம் வேற இருக்குது. கரும்புக்கு வெளியால கொடிய நட்டா, உள்ள இருக்கறதெல்லாம் ஏரின்னு எழுதிக்குவான்னு நெனச்சேன். அவ்ளோ ஒசரத்துல இருந்து கரும்பு தெரியுமாம்மா?"

"தெரிஞ்சுது. உங்க தம்பி ஏன் அதைச் சொல்லலை?"

"எப்டிம்மா சொல்லுவான்? பட்டா அவன் பேர்ல இல்ல இருக்குது! என் பேர்ல ஏற்கெனவே வரம்புக்கு மேல போயிடுச்சி, தாசில்தாரப் புடிச்சி அவன் பேர்ல போட்டேன். அவனுக்கே அன்னிக்கி இங்க வந்தப்பத்தான் தெரியும். ரொம்பக் கத்துனான். அப்புறம் சாப்ட்டுட்டுப் போனான். கவர்மென்டு வேலைம்மா, வெளிய தெரிஞ்சா போயிடும் இல்ல?"

அவரே அரிவாளால் நாலு கழி வெட்டிக் கட்டினார். "தம்பிக்குக் குடுத்துடு. அவன் நெலத்துது."

பெங்களூர் போனதும் அந்தக் கரும்புக் கட்டை அர்ஜுனன் மேஜைமேல் வைத்தேன். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு பியூன் துரைக்கண்ணுவைக் கூப்பிட்டு, "வெட்டி எல்லாருக்கும் குடுப்பா" என்றார். ஜெயித்த கருவிக்காரர்கள்கூட வந்து எடுத்துக்கொண்டார்கள்.

"நல்ல இனிப்பு. எந்த ஊர் சார்?"

"எங்க ஊர்தான்."

அவர்கள் நகர்ந்ததும் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "குழு காரணம் கேக்குது, ஃபில்டர்ல பழுதுன்னு எழுதிடும்மா. வேற எதைச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

எழுதினேன். 'ஃபில்டரில் பழுதில்லை. படத்தில் வெளுப்பாகத் தெரிவது மேலாளர் அர்ஜுனனின் கரும்பு.' கீழே அம்ருதவல்லி என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

படித்தார். கண் கலங்கியது. அந்த மனிதரை வெறுக்கக்கூட முழுசாக முடியவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"கிழிச்சிடட்டுமாம்மா?" என்று என்னிடமே கேட்டார்.

"கிழிங்க சார். நான் வேற எழுத மாட்டேன்."

கிழித்தார். இன்னொரு தாள் எடுத்து அவரே எழுதினார்: 'பழுது, ஃபில்டர். பொறுப்பு, அம்ருதவல்லி.' வெளியே தாழ்வாரத்தில் எல்லோரும் சக்கையைத் துப்பிக்கொண்டிருந்தார்கள்.