பிரிட்டோ ஏற்றிய மாசிக் கூட்டம்

உறையூர் கணினிப் பயனர் சங்கத்தின் மாதக் கூட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு இடங்களில் நடந்தது. ஒன்று, வழக்கம்போல் மருந்துக்கடை மாடியில். இன்னொன்று, அதே மாடியில் மேசைமேல் இருந்த பிரிட்டோவின் கணினிக்குள். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டலாம் என்பது பழைய செய்தி. ஒரு கூடத்துக்குள் இன்னொரு கூடத்தை ஓட்டலாம் என்பதைத்தான் பிரிட்டோ செய்து காட்டினான்.

திரையில் அதே மின்விசிறி, அதே பிளாஸ்டிக் நாற்காலிகள், அதே உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் தத்தம் வழுக்கையைத் தேடிக் கண்டுபிடித்துத் திருப்தி அடைந்தார்கள். சங்கச் செயலாளர் செங்கமலமும் தன்னைத் தேடினாள். மூன்றாம் வரிசையில் இருந்தாள். பக்கத்தில் அவள் கணவர் இளங்குமரன் உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

செங்கமலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் போன மாசியில் காலமானவர், அது இருக்கட்டும். நெஞ்சு வலிக்காரர் எண்ணெய்ப் பலகாரம் தின்னலாமா? அதைவிடப் பெரிய அதிர்ச்சி, பக்கத்தில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்த அந்தச் செங்கமலம். கையிலிருந்து பிடுங்க வேண்டாமோ?

"இது எப்ப நடந்த கூட்டம் பிரிட்டோ?"

"போன மாசிக் கூட்டம் மேடம். புதுசா ஒரு கூடம் கட்ட நேரமில்ல. பழைய பிரதி கையில இருந்துச்சு, அதையே ஏத்திட்டேன்."

இந்தச் சங்கத்தில் எல்லோருக்கும் இதுதான் பழக்கம். பழையதைப் பிரதி எடுத்துத் தேதியைக்கூட மாற்றாமல் ஓட்டுவார்கள். ஆண்டு விழா அழைப்பிதழில் ஒருமுறை முந்தைய ஆண்டின் சிறப்பு விருந்தினர் பெயரே இருந்துவிட்டது. பாவம், அந்த மனிதரும் வந்து அதே உரையைப் பேசிவிட்டுப் போனார்.

"சார் நல்லாத்தான் இருக்காரு" என்றார் தலைவர் சாகுல் அமீது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு. "கொஞ்சம் இளைச்ச மாதிரி தெரியுது."

அந்தக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போதுதான் இளங்குமரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை அன்றைக்குப் பார்த்து வீட்டில் இருந்தது. மறுநாளிலிருந்து அந்த அட்டை அவள் கைப்பையிலேயே கிடக்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

"நாம பேசினா உள்ள கேக்குமா?"

"கேக்காது மேடம். ஆனா சிடி தட்டு ரெண்டு கூடத்துக்கும் பொது. இங்க வச்சா அங்க வரும்."

அவள் மாத்திரை அட்டையைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினாள். கணினி கொஞ்சம் கரகரத்தது. திரைக்குள் இருந்த பிரிட்டோ தன் தட்டைத் திறந்து, அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினான். இளங்குமரன் விரல்களை வேட்டியில் துடைத்துவிட்டு அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். செங்கமலத்துக்கு அழுகை வந்தது. அழுதாள்.

அப்போது இரண்டு கூடத்திலும் மின்விசிறிகள் தயங்கின.

"கரண்டு ஒரு கூடத்துக்குத்தான் பத்தும்" என்றான் பிரிட்டோ. "ஒண்ண மூடியாகணும்."

"எத?"

"அத நான் எப்படி மேடம் சொல்றது? சங்கம்தான் சொல்லணும்."

டீக்கு எவ்வளவு சர்க்கரை என்பதையே கை தூக்கி முடிவு செய்கிற சங்கம் அது. சாகுல் அமீது எழுந்து கேட்டார். உள்ளே இருந்த சாகுல் அமீதும் எழுந்து கேட்டார். அவரவர் கூடத்துக்கு அவரவர் கை தூக்கினார்கள். உள்ளே இளங்குமரன் ஒருவர் அதிகம், இங்கே புதிதாகச் சேர்ந்த இருவர் அதிகம். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் இரண்டு பக்கமும் சமம், செங்கமலத்தின் கைதான் பாக்கி நின்றது.

"நான் அந்தக் கூடத்துக்கு" என்று கை தூக்கினாள். தூக்கிய பிறகு, இவ்வளவு சுலபமாகத் தூக்கிவிட்டோமே என்று அவளே திடுக்கிட்டாள்.

"பெரும்பான்மை" என்றார் தலைவர். "சரி, நாற்காலியெல்லாம் அடுக்கிடுங்க."

"கீழ என் வண்டி நிக்குதே" என்றார் ஒருவர்.

"அங்கயும் நிக்குது சார்" என்றான் பிரிட்டோ.

திரையில் கூட்டம் முடிந்து படியிறங்கினார்கள். இளங்குமரன் பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். செங்கமலம் திரையை ஒட்டிப் போய் நின்றாள். அவர் அட்டையைக் கிழித்து ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கொஞ்ச நேரம் கழித்து மீதிப் படிகளையும் இறங்கினார்.

பிரிட்டோ முதலில் விசிறிகளை மூடினான். பிறகு புது உறுப்பினர்களை, பிறகு பழையவர்களை, பிறகு தலைவரை. மூடும்போது அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கடைசியில் செங்கமலமும் பிரிட்டோவும் மட்டும் இருந்தார்கள்.

"என்னை மூடிட்டு நீ எப்படிப்பா மூடிக்குவே?"

"உள்ள இருக்கறவன் பாத்துக்குவான் மேடம்."

சரி என்று செங்கமலம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நின்றாள்.