மல்லிகைப் பதிவு

கொடுத்து வைத்தவளாம். இப்படி ஒரு புருஷன் கிடைக்க அந்த அம்மா கொடுத்து வைத்திருக்க வேண்டுமாம். என்ன கொடுத்தேன் என்று கேட்க இத்தனை பேரில் ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லையே.

பாகீரதி அடுத்த தாளைப் புரட்டினாள். வீடியோவின் கீழே ஜனங்கள் எழுதியதையெல்லாம் சாட்சியத்துக்காக அச்செடுத்து, பக்க எண் போட்டு, வக்கீல் நூலில் கோத்து வைத்திருந்தார். இதயங்களெல்லாம் கறுப்புவெள்ளையில் சாம்பலாக இருந்தன. ‘கண் கலங்கிட்டேன் சார்.’ ‘என் வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டினேன், எழுந்து கிரிக்கெட் பார்க்கப் போயிட்டார்.’ முதல் தாளில் வீடியோவின் முகப்பு. தலை நிறையப் பூ வைத்த, யாரென்றே தெரியாத ஒரு பெண் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். ‘மனைவி ஏன் மல்லிகை வைக்கவில்லை? கடைசிவரை கேளுங்கள்!’ ஆறு லட்சம் பேர் கேட்டிருந்தார்கள்.

“ஐயாவோட பதிவுல ஒரு வரி மாத்தல பாத்துக்கிடுங்க,” என்றார் வக்கீல் செந்தில்முருகன். “அப்படியே அள்ளி, கம்ப்யூட்டர் குரல்ல வாசிக்க விட்டிருக்கான். தூத்துக்குடிப் பய, பேரு அஜின். போன்ல கேட்டா, வாட்ஸாப்பில ‘படித்ததில் பிடித்தது’ன்னு வந்துச்சு, எழுதினவர் பேரு இல்லைங்கான். ஏலே, பேரு இல்லாட்டா எடுத்துக்கிடுவியா? கோயில் வாசல்ல கெடக்க செருப்பெல்லாம் ஒன் செருப்பான்னு கேட்டேன்.”

மகன் ஸ்ரீவத்ஸன் சிரித்தான். இதற்காகவே பெங்களூரிலிருந்து நேற்று வந்திருந்தான். டவுண் வடக்கு ரத வீதியில் ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கீழே தள்ளுபடி அறிவிப்பு ஒலிபெருக்கியில் ஓயாமல் போய்க்கொண்டிருந்ததால் எல்லாரும் கொஞ்சம் உரக்கவே பேச வேண்டியிருந்தது. 

“அவன் இப்ப எடுத்துண்டிருக்கிற கட்சிதாம்மா கஷ்டமா இருக்கு,” என்றான் மகன். “நாம புகார் கொடுத்ததும் யூடியூப்ல வீடியோவைத் தூக்கிட்டா. உடனே அவன் ஒரு பதில் போட்டான். இதை அப்பா எழுதியிருக்கவே முடியாதாம்.”

அதற்கு அஜின் காட்டிய ஆதாரம் ஸ்ரீவத்ஸனே ஃபேஸ்புக்கில் போட்டிருந்த ஒரு குறிப்பு. ‘அப்பாவுக்குப் பக்கவாதம். பேச்சு வரவில்லை, வலது கை அசையவில்லை, எழுத்து அடையாளம் தெரியவில்லை. எல்லோரும் பிரார்த்தியுங்கள்.’ அதற்கு ஐந்து மாதம் கழித்துத்தான் அந்த மல்லிகைப் பதிவு ‘மூன்றாம் மடை’யில் வந்திருந்தது.

‘மூன்றாம் மடை’ அவள் கணவர் வெங்கடசுப்பிரமணியனின் வலைப்பதிவு. பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்ற மறுவருஷம், மகன் வாங்கிக் கொடுத்த கணினியில் தொடங்கியது. ஸ்ரீவைகுண்டம் அணையின் ஷட்டர்கள், வடகால், தென்கால் வாய்க்கால்களில் எத்தனை மடை, எந்த ஊர்க்காரர்கள் எந்த வருஷம் தண்ணீருக்கு மண்வெட்டியோடு வந்து நின்றார்கள் என்று எழுதுவார். படிக்க நூறு பேர் இருந்தார்கள். நோய் வந்த பிறகு எழுதியவற்றுக்குத்தான் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். வெ.சு. ஐயா, வெ.சு. ஐயா என்று உருகினார்கள். சென்ற ஆவணியில் அவர் போய்விட்டார். வருஷாப்திகத்தன்று புத்தகமாகக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று மகன் சென்னையில் ஒரு பதிப்பாளரைப் பிடித்திருந்தான். அட்டை அச்சாகிவிட்டது. சொந்தம் யாருக்கு என்ற தகராறு தீராமல் உள்ளே அச்சடிக்க மாட்டேன் என்கிறார் பதிப்பாளர்.

“நாலு நாளைக்குள்ள கோர்ட்ல வழக்குப் போடணும்மா. இல்லைன்னா வீடியோ திரும்ப ஏறிரும்,” என்று வக்கீல் ஒரு முத்திரைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார். “பைய வாசிச்சுப் பாத்துட்டே போடுங்க. இந்த மூணாவது பத்திதான் உயிர்.”

‘மேற்படி பதிவுகள் அனைத்தையும் என் கணவர் தாமே சிந்தித்து, தம் இடது கையால், பிறர் உதவியின்றித் தட்டச்சு செய்தார் என்பதை நான் நேரில் கண்டு அறிவேன் என்று சத்தியப் பிரமாணமாகக் கூறுகிறேன்.’

“நீ போன்ல எனக்குச் சொல்லுவியே, அதான்,” என்றான் மகன். “இன்னிக்கு நாலு வரி தட்டினார், இன்னிக்கு ரெண்டு வரிதான்னு.”

சொன்னாள்தான். அவன் கேட்ட கேள்விக்கு அப்போது அதுதான் வாயில் வந்தது.

அவருக்கு மிஞ்சியிருந்தது ‘சரி, சரி’ என்ற ஒரே சொல். தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, சரி. வலித்தாலும் சரி, சரி. ஒருநாள் கணினியைத் துடைக்கப் போனவள், ‘ஐயா ஏன் எழுதவில்லை?’ என்று யாரோ கேட்டிருந்ததை அவருக்கு வாசித்துக் காட்டினாள். மூன்று மாதமாகக் கல்லாகக் கிடந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவருடைய பழைய டைரியிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து, நடுவில் நாலு வரி தானே சேர்த்து அன்று போட்டாள். மறுநாள் வந்த பதில்களை அவருக்கு வாசித்தாள். அவர் இடது கையால் கட்டிலைத் தட்டித் தட்டிச் சரி, சரி என்றார். பசித்த பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரிதான் அதைத் தொடர்ந்தாள். டைரி இரண்டு மாதத்தில் தீர்ந்துபோயிற்று.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மல்லிகைப் பதிவை எழுதினாள்.

நாற்பது வருஷத்துக்கு முந்தைய கதை. ஸ்ரீவைகுண்டத்தில் அரசு குடியிருப்பில் இருந்தார்கள். ஸ்ரீவத்ஸனுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்தது. பதினோராம் நாள் பெயர் வைக்க வேண்டும். ஒன்பதாம் நாள் விடியலில் போய்விட்டது. ஆண்கள் துணியில் சுற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். ஐப்பசி மழை, ஆறு ஏறிக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு வந்த அவர் ஈரத்தலையோடு காலில் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அணைக்குப் போனார். மூன்று நாள் திரும்பவில்லை. ஊர்கள் மூழ்காமல் பார்த்துக்கொள்கிற வேலை. குறை சொல்ல முடியாத காரணம் என்பதால் அவளால் அதைக் கடைசிவரை சொல்லவே முடியவில்லை.

அன்று சாயங்காலம் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாயிற்று. கிணற்றடி வாழை மூட்டில் உட்கார்ந்து பீய்ச்சிவிட்டாள். மண் வெளுத்தது, மழை அதைக் கழுவிக்கொண்டு போயிற்று. பக்கத்துக் குடியிருப்பு அக்தர் பானு அக்காதான் ஓடிவந்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், பால் வற்றுவதற்காக மல்லிகைச் சரத்தை மார்போடு சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள். இரண்டு நாள் அந்தப் பூ அவள் உடம்புச் சூட்டில் வெந்து நாறியது. அதற்குப் பிறகு அவள் மல்லிகை வைத்ததில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவர் வாங்கி வருவார். வாங்கி ஸ்வாமி படத்துக்குப் போட்டுவிடுவாள். ஏன் என்று அவர் கேட்டதில்லை.

இதைத்தான் அவர் சொல்வதுபோல எழுதினாள். ‘நான்’ என்பது அவர். ‘அவள்’ என்பது தான். எழுத எழுதக் கை தானாகப் போய்விட்டது. அந்த நான், அணைக்குப் போகவில்லை. கிணற்றடியில் அவளுக்குப் பின்னால் குடை பிடித்து நின்றான். மழையில் தன் கண்ணீர் அவளுக்குத் தெரியாமல் போனதற்கு நன்றி சொன்னான். மல்லிகையின் காரணம் அவனுக்குத் தெரியும். அவள் வாயால் சொல்லும்படி ஆகிவிடக் கூடாதே என்றுதான் ஸ்வாமிக்கென்று சொல்லி வாங்கி வந்தான். முடித்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வேற்று ஆணோடு பேசிவிட்டு வந்தவள்போல எழுந்துபோய் முகத்தைக் கழுவினாள்.

மறுநாள் காலையில் அவருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் சரி என்று சொல்லவில்லை. இடது கண்ணிலிருந்தும் வலது கண்ணிலிருந்தும் நீர் வழிந்தது. அவள் தலையணையைத் திருப்பிப் போட்டாள். துக்கமா? வராமல் போனதற்கு அவமானமா? என் பெயரில் இதை எப்படி எழுதினாய் என்ற கோபமா? பக்கவாதம் வந்தவர்கள் ஒன்றுமில்லாததற்கும் அழுவார்கள், பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அந்த நாலு வார்த்தை மட்டும் டாக்டர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“அம்மா?” என்றான் ஸ்ரீவத்ஸன். பேனாவின் மூடியைத் திறந்து அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தான்.

அவள் வாங்கவில்லை. “அதை நான் எழுதினேன், வத்ஸா,” என்றாள்.

“டைப் பண்ணினதைச் சொல்றியா? அது பரவாயில்லை. சார், ‘பிறர் உதவியின்றி’ங்கறதை மட்டும் எடுத்துடலாமா?”

“டைப் பண்ணினது மட்டும் இல்லைடா. நோய் வந்தப்புறம் வந்ததுல, அவர் டைரியில இருந்து எடுத்தது போக, மத்ததெல்லாம் நான் எழுதினதுதான். அதுக்கு முன்னால பத்து வருஷம் இருக்கறது அவரோடது.”

கீழே ஒலிபெருக்கி இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம் என்றது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைக்க ஆரம்பித்தார்.

“இடது கையால தட்டறார்னு சொன்னியே.”

“சொன்னேன். நீ அவ்வளவு ஆசையாக் கேட்டே.”

அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதுக்கு மேலே நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“அந்தக் குழந்தை... அதுவும் இல்லையா?”

“குழந்தை நிஜம். பூ நிஜம். அவர் அங்க நின்னது நிஜமில்லை. அன்னிக்கு அவர் அணையில இருந்தார்.”

“எனக்கு ஒரு அக்கா இருந்தாங்கறதையே அதைப் படிச்சுதாம்மா தெரிஞ்சுண்டேன்,” என்றான். குரல் இறங்கிவிட்டது, ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவள் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. “அன்னிக்கு ஆபீஸ் வராண்டாவுல நின்னுண்டு போன் பண்ணினேன். நீ அவர் காதுல வெச்சே. நான் அழுதேன். அவரும் அழுதார். என் ஆயுசுல அப்பா என்கிட்ட பேசினது அன்னிக்கு ஒரு நாள்தான். அதுவும் நீதானா?”

“அழுதது அவர்தாண்டா.”

“எதுக்கு அழுதார்?”

“தெரியலை.”

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “குறுக்க பேசுதேன்னு நெனைக்காதீங்கம்மா. நீங்கதான் எழுதினீங்கன்னா, உங்க பேர்லயே வழக்குப் போட்டுரலாம். இன்னும் லேசு. எழுதினவங்களே உயிரோட வந்து நிக்கும்போது அந்தப் பய என்ன செய்வான்?”

“வேண்டாம் சார்!” என்றான் மகன். “அட்டையில அப்பா படம் போட்டாச்சு. ஆயிரம் பேர் முன்னாடியே பணம் கட்டியிருக்கா. இப்போ போய் இதெல்லாம் அவர் எழுதலைன்னா, முதல் பத்து வருஷத்தையும் சேர்த்துத் திருட்டும்பா. செத்துப் போனவரை ஊரே சிரிக்கும்.” அவள் பக்கம் திரும்பினான். “அம்மா, நீ எழுதினேங்கறது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். யாருக்கும் நஷ்டமில்லை. உனக்கும் அவர் அங்க நின்னதா இருக்கணும்னுதானே எழுதினே? அப்படியே இருக்கட்டுமே. ஒரு கையெழுத்துதானே.”

அவன் சொன்னது பொய்யில்லை. அப்படி இருக்க வேண்டும் என்றுதான் எழுதினாள். ஆறு லட்சம் பேர் நம்பியாயிற்று. அவளுமே சில நாள், விழிப்பும் தூக்கமும் கலந்த நேரத்தில், முதுகுக்குப் பின்னால் அந்தக் குடையின் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். இந்தத் தாளில் பெயரை எழுதிவிட்டால் அது நடந்ததாகவே ஆகிவிடும். ராஜ முத்திரையோடு, கோர்ட் கட்டில், பக்க எண்ணோடு.

ஆனால் ஆசைப்பட்டு எழுதுவது வேறு, நேரில் கண்டேன் என்று சத்தியம் செய்வது வேறு. அந்தச் சாயங்காலம் அங்கே இருந்தது அவள் ஒருத்திதான். பெயர்கூட வைக்காத ஒரு பிள்ளைக்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருக்கிற சாட்சி அவள் ஒருத்திதான். அந்தப் பாலை மழை கொண்டுபோனபோது பின்னால் யாருமில்லை. அந்த வெறுமையும் அந்தக் குழந்தையோடு சேர்ந்தது. அதை யாருக்கும், அவருக்கும்கூட, எழுதிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தன் பெயரில் வழக்குப் போடுவது பற்றி அவளுக்கு எதுவுமே தோன்றவில்லை.

“எனக்காகப் போடும்மா,” என்றான் ஸ்ரீவத்ஸன். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் கெஞ்சுவான், மருந்து வேண்டாம் என்று.

அவள் தாளை மடங்காமல் எடுத்து வக்கீலின் பக்கம் திருப்பி வைத்தாள். 

“போடலைன்னா வீடியோ வந்துரும்மா,” என்றார் அவர். “புஸ்தகமும் நின்னுரும்.”

“நிக்கட்டும்.”

மகனின் கை மேஜையில் பேனாவோடு கிடந்தது. அதன் மேல் தன் கையை வைத்தாள். அவன் இழுத்துக்கொள்ளவும் இல்லை, பற்றிக்கொள்ளவும் இல்லை.

“நான் போடலைடா,” என்றாள்.