நெனிதாவுக்குக் காட்டிய பேருந்து

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கைபேசியில் நான் இன்னும் அழிக்காத ஓர் எண் இருக்கிறது. அது என் கணவர் நெஸ்டருடையது. அவர் பிலிப்பைன்ஸில், எங்கள் ஊரான இலோயிலோவில் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ‘நான்’ என்று தொடங்கி ஏழு முறை எழுதிப் பார்த்தேன். ஏழும் ஒப்பாரியாகப் போயின. ஆகவே ஓர் ஆளை உண்டாக்கிக்கொண்டேன். பெயர் ரொமுலோ, வயது ஐம்பத்திரண்டு. எங்களைப் போல ஊரைவிட்டுக் கனடாவின் வினிபெக்குக்கு வந்து, பேருந்து கட்டும் தொழிற்சாலையில் இருக்கை பூட்டுகிறவன். அவனுக்கு நெனிதா என்று ஒரு மனைவியைக் கொடுத்தேன். பிறகு அவளைப் பறித்துக்கொண்டேன். (ஒரே வரிதான் ஆனது. நிஜத்திலும் ஒரே ஒரு தொலைபேசி அழைப்புதான்.)

2

முதல் தொடக்கம்: குடும்ப நாளன்று தொழிற்சாலை, இயந்திரங்கள் உறங்கும் ஒரு மாபெரும்…

வேண்டாம். இயந்திரங்கள் உறங்குவதில்லை. யாரோ அணைத்து வைக்கிறார்கள்.

இரண்டாவது: செப்டம்பர் சனிக்கிழமை, பகல் பதினொரு மணி. ரொமுலோ வாசல் வரிசையில் நின்றான். முன்னால் நின்ற ஒவ்வொருவர் கையையும் யாரோ பிடித்திருந்தார்கள். அவன் கையில் கைபேசி இருந்தது.

இது போதும்.

குடும்ப நாளன்று எல்லோரும் வீட்டாரைக் கூட்டிவந்து வேலை செய்யும் இடத்தைக் காட்டுவார்கள். குடும்பம் ஊரில் இருப்பவர்கள் அன்றைக்குக் கைபேசியோடுதான் வருவோம். காணொளியில் அழைத்து, வீட்டாரை உள்ளே நடத்திக்கொண்டு போவோம். அங்கே அப்போது நள்ளிரவு. ஆனாலும் தலைவாரி, பவுடர் பூசிக் காத்திருப்பார்கள். போன வருடம் நெனிதா அப்படித்தான் உள்ளே வந்தாள். “இத்தனை சீட்டும் நீங்களா போட்டீங்க? ஒண்ணுல உக்காந்துதான் காட்டுங்களேன்” என்றாள். உட்கார்ந்து காட்டினான்.

பிப்ரவரியில் இறந்துபோனாள். அடக்கத்துக்குப் போகப் பத்து நாள் விடுப்பு கேட்டபோது, வீட்டுக் கூரை மாற்றப் போவதாகச் சொன்னான். [ஏன் மறைத்தான் என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். மிஞ்சியது இதுதான்:] தொழிற்சாலையில் மட்டும்தான் இன்னும் எல்லோரும் அவளை நலம் விசாரித்தார்கள்.

3

பக்கத்து வேலைமேடை ஜுன்ரெல், மனைவி ஐவியோடும் ஒரு தட்டு பொரித்த லும்பியாச் சுருள்களோடும் வந்தான்.

“என்னண்ணே, இன்னும் அண்ணிக்குப் போன் போடலையா? பவுடர் போட்டுக்கிட்டு தூங்கியே போயிருப்பாங்க!”

“போடணும்.”

“போடுங்கண்ணே,” என்றாள் ஐவி. “போன வருஷம் இவரு போட்ட சீட்டு கோணல்னு அண்ணி சொன்னாங்கல்ல, அத வெச்சே ஒரு வருஷம் இவர ஓட்டிட்டேன். புதுசா எதாவது சொல்லட்டும்.”

“கோணல் சீட்டு இல்ல, அது போனைப் புடிச்ச விதம்!”

இங்கேதான் ரொமுலோ அந்தக் காரியத்தைச் செய்தான். இயர்ஃபோனைக் காதில் செருகி, கைபேசியைத் தூக்கிப் பிடித்து, “இதோ வந்துட்டா” என்றான்.

திரை அவன் பக்கம் இருந்தது. அது கறுப்பாக இருந்தது. மற்றவர்கள் பார்த்தது அதன் முதுகை மட்டும்தான்.

“இது புது வரிசை. கரண்ட்ல ஓடுற பஸ்… இல்ல, சத்தமே வராது… இந்த வருஷம் சீட்டு நீலம்.”

சுற்றி நின்றவர்கள் கைபேசியைப் பார்த்துக் கையசைத்தார்கள். பெயின்ட் பிரிவு உக்ரேனியர் ஒருவர் தொப்பியைத் தூக்கினார். அவள் சார்பில் அவன் சிரித்தான்.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்து, மேலேயே விட்டுவிட்டேன்: இது கற்பனையில்லை. நான் காட்டியது, அதே தொழிற்சாலையில் நான் வேலை செய்யும் தையல் பிரிவு. நூலின் நிறத்தைக்கூட நெஸ்டரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்வதற்கு வேண்டிய நேரம் விட்டு விட்டுத்தான் பேசினேன்.)

4

பாதி கட்டிய பேருந்துக்குள் ஏறினார்கள். கடைசி வரிசையில் ஜுன்ரெல் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“குடுங்கண்ணே. எது கோணல்னு நானே அண்ணிகிட்ட கேட்டுக்கறேன்.”

கையை நீட்டினான்.

முடிவு ஒன்று: “சிக்னல் போயிடுச்சு” என்கிறான். எல்லோரும் நம்புகிறார்கள். அடுத்த வருடமும் இதே. இந்த முடிவில் அவன் பேருந்தைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடப்பதை என்னால் எழுத முடியவில்லை.

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறான். ஐவி அழுகிறாள். திங்கட்கிழமை அவன் வந்ததும் எல்லோரும் குரலைத் தாழ்த்துகிறார்கள். நெனிதா தொழிற்சாலையிலும் இறந்துவிடுகிறாள்.

முடிவு மூன்று: ஜுன்ரெல் கைபேசியை வாங்குகிறான். கறுப்புத் திரையில் தன் முகத்தைப் பார்க்கிறான். ரொமுலோவைப் பார்க்கிறான். பிறகு திரையிடம், “அண்ணி, சாப்பிட்டீங்களா?” என்று கேட்கிறான்.

மூன்றாவதை எழுதும்போது அழுதேன். அதனாலேயே அதன்மேல் எனக்குச் சந்தேகம்.

உண்மையில் என் கைபேசியை யாரும் கேட்கவில்லை. முழுக்கச் சுற்றிக் காட்டி, “சரி, நீங்க தூங்குங்க” என்று சொல்லி, தனியாக வாசலைத் தாண்டி வந்தேன். ஜுன்ரெலை நான்தான் உண்டாக்கினேன். நீட்டிய அவன் கை அப்படியே இருக்கிறது. ரொமுலோ கைபேசியை விடாமல் பிடித்திருக்கிறான். எனக்கு அப்படி ஒரு கை நீளவில்லை. அதனால் இதற்குமேல் எனக்குத் தெரியாது. உங்களுக்கு யாராவது நீட்டியிருந்தால், இங்கிருந்து நீங்கள் எழுதுங்கள்.